செவ்வாய்க்கிழமை திறக்க வேண்டிய பெட்டி

கோமதியக்கா தன் வீட்டு வாசலில் நின்றபடியே பெட்டியை என் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டாள். எங்கள் இரண்டு வாசல்களுக்கும் நடுவே நாலடி நடைதான். பெட்டி அந்த நாலடியையும் கடகடவென்று உருண்டு கடந்து என் நிலைப்படியில் முட்டி நின்றது. நான் குனிந்து தூக்கி உள்ளே வைத்தேன். பழுப்பு நிறப் பெட்டி, நான்கு சக்கரம், கைப்பிடியில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு ரிப்பன். ரிப்பனைக் கட்டிக் கொடுத்தது நான்தான்.

எட்டு மணிக்குள் நல்ல ஹோரை, மணி என்ன ஆகிறது பார் என்றாள். ஏழு ஐம்பது என்றேன். அப்படியானால் யாத்திரை தொடங்கியாச்சு என்று சொல்லித் திருப்தியாகச் சிரித்தாள். காபி கலக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள்.

மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது. மாடிப்படிச் சுவர்கள் ஈரம் குடித்துச் சுண்ணாம்பு வாடை அடித்தது. அதற்கு மேல் அக்கா தலைக்குத் தேய்த்திருந்த சீயக்காய் மணம்.

கதவைச் சாத்தும் முன் ஒன்று சொன்னாள். அதைச் சொல் மாறாமல் எழுதுகிறேன்.

"செவ்வாக்கிழம காலைல நீயே பெட்டியத் தொறந்து பாரு மாலதி. நீ சொல்லிக்குடுத்த மாதிரி அடுக்கியிருக்கனான்னு பாரு. நம்பர்தான் உனக்குத் தெரியுமே."

செவ்வாய்க்கிழமை காலை அவள் சிட்னி போகும் விமானத்தில் இருப்பாள், பெட்டியும் அவளோடு போயிருக்கும், நான் எதைத் திறப்பது? எழுபதைத் தாண்டியவள் நாளைக் குழப்பிக்கொண்டு பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அவள் குழம்பவில்லை. என்னை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைத்தாள், நான் அதைச் செய்யவில்லை. இந்த வாரம் எழுதப்போவது அதைத்தான்.

எது முதலில் வேண்டுமோ அது மேலே

போன வாரம் என் அலுவலகப் பயணங்களைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், பெட்டி அடுக்கும் பட்டியலைக் கேட்டுப் பலர் எழுதிவிட்டார்கள். ஒரு வாசகர் 'உங்களோடு குடித்தனம் நடத்தியவர் பாவம்' என்றும் எழுதியிருந்தார். என் கணவர் உயிரோடிருந்தால் அவருக்குப் பதில் கடிதம் போட்டிருப்பார்.

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மதுரையில் இறங்கிப் பல் தேய்க்கப் பிரஷ் இல்லாமல் நின்றதும், சேலத்தில் இரண்டு இடதுகால் செருப்போடு வகுப்பெடுக்கப் போனதும் ஆரம்ப காலத்தில்தான். அப்புறம் திருந்திவிட்டேன். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதுவேன். ஒவ்வொரு பொருளும் உள்ளே போனதும் ஒரு டிக். பாண்டி பஜார் நடைபாதையில் விற்கும் கண்ணாடி மாதிரியான ஜிப் பைகளில் வகைவகையாகப் பிரிப்பேன். போய் இறங்கியதும் எது முதலில் வேண்டுமோ அது மேலே, கடைசியில் வேண்டியது அடியில். வீட்டைப் பூட்டுவதற்கும் தனியாக ஒரு பட்டியல் உண்டு. கேஸ், பால், பேப்பர், ஃபிரிட்ஜ், பிளக்குகள்.

இதையெல்லாம் பார்த்துக் கோமதியக்கா வருஷக்கணக்காகச் சிரித்திருக்கிறாள். அவள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்த இடம் தி.நகர், துணிக்கடைக் குடும்பம். கணவர் இறந்தபின் கடை மைத்துனர்கள் கைக்குப் போனது, இவள் மயிலாப்பூரில் எங்கள் எதிர் ஃபிளாட்டுக்கு வந்தாள். ஒரே மகன் செந்தில் சிட்னியில். அவள் பெட்டி அடுக்கும் அழகை நான் பார்த்திருக்கிறேன். ஊறுகாய் பாட்டிலை உள்பாவாடையில் சுற்றி, அதன் மேல் கண்ணாடிக் கூட்டை வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து மூடுவாள்.

அப்படிப்பட்டவள் அந்த ஐப்பசியில் தானே வந்து, தூரமாகப் போக வேண்டியிருக்கிறது, எனக்கும் உன்னை மாதிரி அடுக்கச் சொல்லிக்கொடு என்றாள். தூரமென்றால் சிட்னிதானே. பூரித்துப் போனேன். பாண்டி பஜாருக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனேன். எட்டு ஜிப் பை எடுத்தாள். ஏழு சின்னது, ஒன்று மட்டும் ஒரு புடவை தாராளமாகக் கொள்ளும் அளவுக்குப் பெரியது. பட்டியலை எப்படி எழுதுவது என்று நான்கு நாள் வந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். எந்த நேரத்துக்கு எது தேவைப்படும் என்று யோசித்து, அந்த வரிசையில் எழுத வேண்டும் என்றேன். "அங்க போனதும் மொதல்ல என்ன கேப்பாவ?" என்றாள். காகிதம்தான் கேட்பார்கள், அடையாள அட்டை நகல் மேலே இருக்கட்டும் என்றேன். எழுதிக்கொண்டாள்.

பயிற்சி கொடுப்பவளுக்கு இப்படி ஒரு மாணவி வாய்த்தால் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை.

பரஸ்தானம்

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. ஊருக்குக் கிளம்பும் நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முன்னாலேயே ஒரு நல்ல நேரம் பார்த்து, கொண்டுபோகும் பெட்டியையோ பையையோ பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பெட்டி வாசல் தாண்டிய நொடியிலேயே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் அப்புறம் ராகுகாலத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. வெளியே போன பெட்டி திரும்ப அந்த வீட்டுக்குள் வரக்கூடாது, போகிற வழியில் அப்படியே எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அக்கா காசிக்குப் போனபோதும், ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோதும் என் வீட்டில்தான் பரஸ்தானம். நான் ஒவ்வொரு தடவையும் கேலி செய்வேன். பஞ்சாங்கத்தை ஏமாற்ற எவனோ கண்டுபிடித்த குறுக்கு வழி என்பேன். இந்தத் தடவையும் விடவில்லை. செவ்வாய்க்கு வடக்கே சூலம், நீங்கள் போவது தென்கிழக்கு, அப்புறம் எதற்கு இந்தக் கூத்து என்றேன். அவள் வழக்கம்போல் சிரிக்கவில்லை. நான் போகிற திசை உனக்குத் தெரியுமா என்றாள். தெரியாமல் என்ன, வரைபடத்தில் இருக்கிறதே என்றேன்.

டிக்கெட்டைக் காட்டுங்கள், நேரம் சரியா பார்க்கிறேன் என்று கேட்டேன். அதெல்லாம் பார்க்க வேண்டியவன் பார்த்துக்கொள்வான் என்றாள். செந்திலைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வீண் பேச்சையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பரஸ்தானம் வைத்தவர் போகாமல் நின்றுவிட்டால் அந்தப் பெட்டியை வேறு யாரும் திறக்கக்கூடாது, திறந்தவர் அந்தப் பயணத்தை ஏற்றுக்கொண்டவர் ஆகிவிடுவார் என்று என் சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா அப்படி எதுவும் சொன்னதில்லை. அது மனதில் இருந்ததே எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வரை தெரியாது.

ஐந்தே முக்கால்

செவ்வாய்க்கிழமை ஐந்தே முக்காலுக்கு வந்து பெட்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஐந்தரைக்கே டிகாஷன் இறக்கி வைத்துவிட்டேன். ஐந்தே முக்கால் ஆனது, ஆறு ஆனது. எதிர்க் கதவு திறக்கவில்லை. அழைப்பு மணியை அடித்தேன், தட்டினேன். அவள் வீட்டு மாற்றுச் சாவி என் ஆணியில் தொங்கியது. எடுத்துத் திறந்தேன்.

வீடு ஊருக்குப் போன வீடாக இருந்தது. ஃபிரிட்ஜ் காலி, கதவு மூடிக்கொள்ளாமல் இடுக்கில் ஒரு துண்டுத் துணி. கேஸ் மூடப்பட்டிருந்தது. எல்லா பிளக்குகளும் பிடுங்கப்பட்டு ஒயர்கள் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. சமையல் மேடை துடைத்து உலர்ந்து கிடந்தது. ஃபிரிட்ஜின் மேல் காந்தத்தில் செருகிய நாட்காட்டித் தாளில் எல்லாவற்றுக்கும் நேராக டிக். என் பட்டியல்தான், அவளுடைய குண்டு குண்டான எழுத்தில்.

அக்கா கட்டிலில் நேராகப் படுத்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. நெற்றியில் திருநீறு. கால் இரண்டும் சேர்ந்திருந்தன. தொட்டேன், குளிர்ந்திருந்தது.

தெருமுனை மருத்துவர் வந்து பார்த்தார். இதயம் நின்றுவிட்டது, விடிகாலையில், தூக்கத்தில் என்றார். வால்வு பலவீனம் என்று அவரே முன்பு சொல்லியிருந்தாராம். சிலர் மனதில் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. கிழமை எழுதிய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். திங்கள் இரவு வரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாள், மற்றவை அப்படியே இருந்தன. மருத்துவரும் அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அது தானாக வந்த சாவு.

ஊருக்குப் போக வேண்டிய காலையில் இப்படி ஆயிற்றே என்றுதான் அப்போது அழுதேன். செந்திலுக்கு ஃபோன் செய்தேன். இன்று உன்னிடம் வரக் கிளம்ப வேண்டியவள், விமானத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் இப்படி, என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் அழுதான். பிறகு அழுகை நின்றது.

"ஆண்ட்டி, எந்த ஃபிளைட்டு? அம்மா வரேன்னு சொல்லவே இல்லையே. நான் டிக்கெட் எதுவும் போடலையே."

அவள் கட்டிலிலேயே, அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

உருண்டுகொண்டே இருந்தது

வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அதைச் சோஃபாவுக்குப் பக்கத்தில் சுவரோரம் வைத்திருந்தேன். இப்போது கூடத்தின் நடுவில் நின்றது.

காரணம் இல்லாமல் இல்லை. மயிலாப்பூருக்கு அடியில் ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த சமயம். அடுக்கில் டம்ளர்கள் கிணுகிணுக்கும், சாமி படங்கள் கோணலாகும். எங்கள் கூடமும் வாசல் பக்கம் கொஞ்சம் சரிவு, தண்ணீர் கொட்டினால் அந்தப் பக்கம்தான் ஓடும். நான்கு சக்கரப் பெட்டி உருளாமல் என்ன செய்யும்? இதை எனக்கு நானே மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். திரும்பச் சுவரோரம் தள்ளி, சக்கரத்துக்கு முன்னால் பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கி முட்டுக்கொடுத்தேன்.

புதன்கிழமை காலை பத்திரிகைகள் அடுக்கியபடியே இருந்தன. பெட்டி அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்ததுபோல வாசலுக்கு மூன்றடியில் நின்றது.

இரண்டு வீட்டிலும் வேலை செய்பவள் தனம். நொச்சிக்குப்பத்திலிருந்து வருவாள், அக்காவிடம் உயிர். அன்று அழுது வீங்கிய முகத்தோடு என் கூடத்தைத் துடைக்க வந்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் குச்சியோடு நின்றுவிட்டாள். யாருடையது என்று கேட்டாள், சொன்னேன். அக்கா செவ்வாய்க்கிழமை திறக்கச் சொன்னதையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பொறம் இன்னாத்துக்கும்மா இப்டியே வச்சிகினு கீற? தொறக்க சொன்னவங்க தொறக்கத்தான் சொன்னாங்க. உள்ள இன்னாவோ கீது, அதான் வாசலுக்கும் உள்ளுக்கும் அலையுது."

நான் அவளைக் கடிந்துகொண்டேன். அடுத்தவர் பெட்டியை அவர் பிள்ளை வருவதற்கு முன் நாம் திறப்பது நாகரிகமில்லை என்று வகுப்பெடுக்கிற குரலில் சொன்னேன். பொய். எனக்குப் பயம். முப்பது வருஷம் பரஸ்தானத்தைக் கேலி செய்தவள், சின்ன வயதில் யாரோ சொன்ன ஒரு பேச்சுக்குப் பயந்து அந்தப் பூட்டில் விரல் வைக்காமல் இருந்தேன். மூன்று எண்தான், அவள் வாங்கிய அன்று அமைத்துக் கொடுத்ததே நான்தான். கை அந்தப் பக்கம் போனாலே அவள் சேர்ந்திருந்த கால்கள் கண்ணில் வந்தன. திறந்தால் அடுத்துப் போகிறவள் நான் என்று நிஜமாகவே நம்பினேன். நம்ப வேண்டிய காலத்தில் நம்பாமல், நம்பக்கூடாத அந்த மூன்று நாளில் போய் நம்பினேன்.

தனம் பெட்டி நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தாள். காய்ந்த தரையில் அந்தச் சதுரம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

பிறந்த வீட்டுக் கோடி

செந்தில் புதன் இரவு வந்து சேர்ந்தான். வியாழன் காலை எடுப்பதென்று முடிவானது.

அந்தக் காலையில் அந்த வீடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மயானத்தில் அடையாள அட்டை நகல் கேட்டார்கள். அலமாரியைக் கலைத்தும் அட்டை கிடைக்கவில்லை. மாலை போடப் படம் வேண்டுமென்றார்கள். செந்தில் தன் கைபேசியிலிருந்து ஒரு படத்தை அனுப்பி, தெற்கு மாடவீதியில் அச்செடுத்து வந்தார்கள். அதில் பாதி முகத்தில் வெயில். காசியிலிருந்து அவள் கொண்டுவந்த தீர்த்தச் சொம்பை நான் பூஜை அலமாரியில் பல தடவை பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில் வட்டமாகத் தடம் மட்டும் இருந்தது. ஒழுங்காக அடுக்கிய வீட்டில் வேண்டியது ஒன்றுகூட இல்லை. இதென்ன வினோதம் என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து தேடினேன். நாலடி தள்ளி என் கூடத்தில் பெட்டி நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்ளே போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போனேன்.

குளிப்பாட்டி முடித்ததும் தி.நகர் உறவில் ஒரு மூத்த பெண்மணி, பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கேட்டார். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் கூடப்பிறந்தவன் புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அவர்கள் வழக்கத்தில் அதுதான் முக்கியம், அது இல்லாமல் அனுப்பினால் பெண் பிறந்த வீடு இல்லாதவளாகப் போகிறாள் என்று அர்த்தம்.

செந்தில் என் பக்கம் திரும்பினான். அம்மாவுக்கு யாருமே இல்லையா ஆண்ட்டி, உங்களிடம் எதுவும் சொன்னதில்லையா என்றான். ஒரே ஒரு தடவை, கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருந்தான் என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. இருந்தான் என்றதால் இறந்துவிட்டான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மேலே கேட்கவில்லை. இல்லப்பா, யாருமில்லை என்று சொன்னேன். இவ்வளவு உறுதியாக ஏன் சொன்னேன் என்று இன்றுவரை என்னை மன்னிக்க முடியவில்லை.

கடைசியில் யாரோ ஓடிப்போய் ஒரு புடவை வாங்கி வந்தார்கள். ஊதா நிறம். அக்காவுக்கு ஊதா பிடிக்கவே பிடிக்காது. அதைப் போர்த்தித்தான் அனுப்பினோம். அந்தப் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டாவது பை

வெள்ளிக்கிழமை முற்பகல் சாம்பல் அள்ளிவிட்டு வந்த செந்தில் மொட்டைத் தலையோடு என் வீட்டுக்கு வந்தான். தனம் அவனிடம் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நல்லதுதான், நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பெட்டியை அவனே படுக்கவைத்தான். எண் என்ன என்றான். சொல்லலாம், ஆனால் நானே குனிந்து உருட்டினேன். பூட்டு சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கற்பூரமும் சந்தனமும் கலந்து வந்தது வாசனை.

துணிமணி எதுவுமில்லை. எட்டு ஜிப் பைகள் வரிசையாக இருந்தன. மேலே அவள் பட்டியல். எந்த நேரத்துக்கு எது தேவைப்படுமோ அந்த வரிசை.

முதல் பையில் மருத்துவரின் பழைய சீட்டுகளும் அவர் எண்ணும். இரண்டாவதில் அடையாள அட்டை, கூட நான்கு நகல். மூன்றாவதில் அவள் படம், ஸ்டுடியோவில் எடுத்துப் பெரிதாக்கியது, முகம் முழுக்கத் தெளிவாக. அடுத்ததில் துணி சுற்றிய தீர்த்தச் சொம்பு. அதற்கடுத்து திருநீறு, சந்தனம், கற்பூரம். வாய்க்கரிசிக்குப் பச்சரிசி அளந்து முடிந்திருந்தாள். செந்திலுக்கு இரண்டு வேட்டி, மொட்டைத் தலையில் கட்டத் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பட்டியலில் டிக். எங்கள் கை தேடித் தேடி ஓய்ந்த அத்தனையும் அதில் இருந்தது.

செந்தில் ஒவ்வொரு பையாக எடுத்துத் தரையில் வைத்தான். வேட்டியை மட்டும் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டான். எப்படித் தெரிந்தது அவளுக்கு? உடம்பு சொல்லியிருக்கும் என்கிறீர்களா? வருஷத்தை உடம்பு சொல்லும், மாதத்தைக்கூடச் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். கிழமையையும் விடிகாலையையும் எந்த உடம்பு சொல்லும்?

எட்டாவது, அந்தப் பெரிய பை. தொட்டபோதே தட்டையாக இருந்தது. புடவை இல்லை. ஒரு துண்டுச் சீட்டு மட்டும்.

'பிறந்த வீட்டுக் கோடி. தம்பி சங்கரன் கொண்டு வருவான். அடையாறில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். நம்பர் பஸ்ஸில் போகும்போது பலகையில் பார்த்து எழுதியது. செவ்வாய்க்கிழமை காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.' கீழே எண். பட்டியலில் டிக் போடாத ஒரே வரி அதுதான்.

அடையாறு. இங்கிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். செவ்வாயிலிருந்து மூன்று நாள் அந்தச் சீட்டு என் கூடத்தில் சும்மா இருந்தது.

நீங்கள் பேசுங்கள் ஆண்ட்டி, எனக்கு மாமாவைத் தெரியாது என்றான் செந்தில். எண்ணைப் போட்டேன். இரண்டாவது மணி அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கிழக்குரல் பேசியது.

"மாலதியா? பெட்டிய இன்னைக்குத்தான் தொறந்தியளா?"

என் எண் அவரிடம் இருக்க வழியில்லை, என் பெயரும் இருக்க வழியில்லை. அக்கா உங்களுக்கு ஃபோன் செய்தார்களா என்று கேட்டேன். நாற்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, அவள் எங்கே குடியிருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது என்றார். யாரோ கல்யாணத்தில் வந்த வார்த்தையாம், அது வளர்ந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டதாம். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"செவ்வாக்கிழம விடிய அக்கா வாசல்ல வந்து நின்னா. வெறுங்கையோட. பெட்டி எங்கக்கான்னு கேட்டேன். மாலதி வீட்ல வச்சிருக்கேன், அவ தொறந்து பாத்துட்டு உன்னயக் கூப்பிடுவா, நீ கோடி எடுத்து வைன்னா. உள்ள வாக்கான்னு சொல்லுதேன், ஆளக் காணல. அன்னைக்கே போய் எடுத்துட்டு வந்துட்டேன். அரக்குல பச்சை பார்டர், அவளுக்குப் பிடிச்சது. கடையத் தொறக்காம ஃபோன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். எடம் எங்கன்னு சொல்லுங்க. எப்ப எடுக்காவ?"

எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்கிறார். அவள் இன்னும் வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஃபோனைச் செந்திலிடம் நீட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தப்புச் செய்தது நான், சொல்ல வேண்டியதும் நான்தான்.

"நேத்தே எடுத்தாச்சுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ காகிதப் பை கசங்கும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அவர் திட்டவில்லை. தெரியாததைக் கேட்கும் சின்னப் பையன் குரலில் என்னிடம் கேட்டார்.

"அப்ப இந்தச் சேலைய நான் என்ன செய்ய?"